ஒரே திரிபு, எந்தப் பண்ணை?

உணவால் பரவும் ஒரு நோய் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவருக்கு எப்போதும் ஒரே தடைதான். தேடல் தொடங்கும் நேரத்தில் அந்த உணவு இருக்காது. சால்மோனெல்லா கலந்த பன்றி இறைச்சியைச் சாப்பிட்டவருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தொடங்க ஆறு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகலாம். வீட்டிலேயே ஓரிரு நாள் சமாளித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலோர் மருத்துவரிடம் போகிறார்கள். மலத்தை வளர்ப்புத் தட்டில் இட்டு, முளைத்த பாக்டீரியா எது என்று உறுதி செய்ய மேலும் சில நாள் பிடிக்கும். ஆய்வுக்கூட அறிக்கை வரும்போது ஒரு வாரமாவது கடந்திருக்கும். அதற்குள் அந்தப் பன்றியின் தொடை ஒரு நகரத்துக்கும் விலா இன்னொரு நகரத்துக்கும் போயிருக்கும். வெட்டும்போது விழுந்த துண்டுகள் வேறு பண்ணைகளிலிருந்து வந்த இறைச்சியோடு சேர்ந்து அரைபட்டு சாசேஜ் ஆகியிருக்கும். நோயாளியைக் கேட்டால் போன வாரம் சாப்பிட்டதில் பாதிதான் நினைவில் இருக்கும். கையில் மிஞ்சுவது அவர் உடலிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியா ஒன்றுதான். அதன் மரபணுவைப் படித்து, அது எந்தப் பண்ணையில், எந்த இறைச்சிக்கூடத்தில் இருந்து வந்தது என்று சொல்ல முடியுமா? முடியும் என்பதற்கு உறுதியான சான்றுகள் உண்டு. ஆனால் அந்தத் திறன் மரபணுவைப் படிக்கும் கருவியில் இருப்பதாக நினைப்பது பரவலான தவறு. யாரும் நோய்வாய்ப்படுவதற்கு முன்பே பண்ணைகளிலும் ஆலைகளிலும் எடுத்துச் சேமித்த மாதிரிகளில்தான் அதன் பெரும்பகுதி இருக்கிறது. அந்தச் சேமிப்பு இல்லாத நாட்டில் எவ்வளவு நுட்பமான கருவியும் பாதி வழியில் நின்றுவிடும்.

சால்மோனெல்லா என்பது ஒற்றை உயிரி போலப் பேசப்பட்டாலும், அதன் மேற்பரப்புப் புரதங்களையும் சர்க்கரைச் சங்கிலிகளையும் வைத்துப் பிரித்தால் 2,500க்கும் மேற்பட்ட சீரோவகைகள் கிடைக்கும். அரிதான ஒரு சீரோவகை திடீரெனப் பல நோயாளிகளிடம் தலைகாட்டினால், அந்தப் பெயர் மட்டுமே போதுமான துப்பாகிவிடும். டென்மார்க்கில் 1993ஆம் ஆண்டு இன்ஃபான்டிஸ் என்ற சீரோவகை மக்களிடையே பரவியபோது, பன்றி இறைச்சியையும் அதன் பின்னால் இருந்த இறைச்சிக்கூடத்தையும் நோக்கி விசாரணை நகர்ந்தது அப்படித்தான். ஆனால் டைஃபிமூரியம் போன்ற சீரோவகை மாட்டிலும் பன்றியிலும் கோழியிலும் காட்டுப் பறவையிலும் உலகெங்கும் இருக்கிறது. 'நோயாளியிடம் டைஃபிமூரியம் இருந்தது' என்ற செய்தியால் யாரையும் சந்தேகிக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. அதனால் அதை மேலும் பிரித்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் தொகுப்பொன்றை வரிசையாகப் பிரயோகித்து, எவற்றுக்கு அது பலியாகிறது, எவற்றை எதிர்த்து நிற்கிறது என்று பார்த்து எண் கொடுத்தார்கள். அப்படி எண் பெற்ற டிடி104 என்ற வகை 1990களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அச்சுறுத்தியது. ஆம்பிசிலின், குளோராம்ஃபெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா மருந்துகள், டெட்ராசைக்ளின் என்ற ஐந்தையும் ஒருசேர எதிர்க்கும் மரபணுக்கள் அதன் குரோமோசோமிலேயே பதிந்திருந்தன. பின்னாளில் மரபணு வரிசைகளைக் கொண்டு கணக்கிட்டவர்கள், இந்த வகை 1948ஐ ஒட்டித் தோன்றி, 1972 வாக்கில் மருந்தெதிர்ப்பைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரே டிடி104க்கு உள்ளேயே ஒரு பண்ணையின் பாக்டீரியாவை இன்னொரு பண்ணையின் பாக்டீரியாவிலிருந்து பிரித்துப் பார்க்க அன்று இருந்த சிறந்த முறை பல்ஸ்டு ஃபீல்டு ஜெல் எலக்ட்ரோபோரசிஸ். 1984இல் ஷ்வார்ட்ஸ், கேன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை உருவாக்கினார்கள். அதன் வேலைமுறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. அதன் பலமும் பலவீனமும் அங்கேயே தெரிந்துவிடும். சால்மோனெல்லாவின் டிஎன்ஏ ஏறக்குறைய 48 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரே வளையம். அதைத் தனியே பிரித்தெடுத்துக் குழாயில் உறிஞ்சினாலே அறுந்துவிடும். அதனால் உயிருள்ள பாக்டீரியாவையே இளஞ்சூடான அகரோஸ் கூழில் கலந்து, சிறு அச்சில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். உறைந்த வில்லைக்குள் நொதிகளை ஊறவிட்டால் செல்சுவரும் புரதங்களும் கரைந்து, டிஎன்ஏ மட்டும் அறுபடாமல் கூழுக்குள் தங்கும். பிறகு டிசிடிஏஜிஏ என்ற ஆறெழுத்துத் தொடரைக் கண்ட இடத்தில் வெட்டும் எக்ஸ்பிஏ1 என்ற நொதியை விடுகிறார்கள். எழுத்துகள் தற்செயலாக அமைந்திருந்தால் இந்த ஆறெழுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வர வேண்டும். சால்மோனெல்லாவில் அதன் நடுவிலுள்ள நான்கெழுத்துச் சேர்க்கை மிக அரிது என்பதால், வெட்டு சுமார் 20 இடங்களோடு நின்றுவிடுகிறது. கிடைக்கும் பெரிய துண்டுகளைச் சாதாரண ஜெல் பிரிக்காது. மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால், நீளத்துக்கு ஏற்ப அவை விலகி நிற்கும். சாயமேற்றிப் புற ஊதா ஒளியில் பார்க்கும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் பத்திலிருந்து இருபது பட்டைகள் கொண்ட ஒரு வரிசை தெரியும். ஒரே மூலத்திலிருந்து அண்மையில் பிரிந்த பாக்டீரியாக்களின் பட்டைகள் ஒரே உயரத்தில் நிற்கும்.

இந்தக் கருவியோடு 1998இல் டென்மார்க்கில் நடந்த ஒரு விசாரணை எனக்கு இந்தத் துறையின் மிகத் தெளிவான பாடமாகத் தோன்றுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு வரை அந்நாட்டில் மனிதருக்கு வந்த சால்மோனெல்லா தொற்றுகளில் டிடி104இன் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 1998இல் நோயாளிகளிடம் கிடைத்த டிடி104 வழக்கமான ஐந்து மருந்துகளோடு நாலிடிக்சிக் அமிலத்தையும் எதிர்த்தது. வயிற்றுத் தொற்று கடுமையாகும்போது மருத்துவர்கள் நம்பியிருக்கும் ஃபுளூரோகுவினோலோன் மருந்துகளும் அதனிடம் வலுவிழந்தன. மொத்தம் 25 பேருக்குத் தொற்று ஆய்வுக்கூடத்தில் உறுதியானது. 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். நோயாளிகளின் பாக்டீரியாவை, கால்நடை ஆய்வுக்கூடத்தில் பன்றிகளிடமிருந்து எடுத்து வைக்கப்பட்டிருந்த டிடி104 மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். பட்டை வரிசையும் மருந்தெதிர்ப்பும் ஒன்றாகப் பொருந்தின. அதையும் நோயாளிகளின் உணவு விவரங்களையும் இணைத்துப் பார்த்தபோது, முதன்மை மூலம் டென்மார்க்கிலேயே இருந்த ஒரு பன்றிப் பண்ணை என்ற முடிவுக்கு வந்தார்கள். கோரே மோல்பாக் தலைமையிலான குழு 1999இல் இதை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு ஃபுளூரோகுவினோலோன் கொடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று எழுதியது. 2002இல் டென்மார்க் அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேலான மக்கள் வாழ்ந்த, ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் பன்றிகளை உற்பத்தி செய்த ஒரு நாட்டில், வெறும் 25 நோயாளிகளை வைத்து ஒரு பண்ணை வரை போய்ச் சேர முடிந்தது.

எப்படி முடிந்தது என்று கேட்டால் பட்டைப் படத்தைக் காட்டுவதுதான் வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒப்பிட்டுப் பார்க்கப் பன்றியின் பாக்டீரியா தயாராக இருந்ததுதான். 1993 பரவலுக்குப் பிறகு டென்மார்க் மனித நோய், விலங்கு நோய், உணவு என்ற மூன்று துறைகளின் தகவல்களையும் ஓரிடத்தில் சேர்க்கும் மையம் ஒன்றை 1994இல் அமைத்தது. 1995இல் பன்றிப் பண்ணைகளுக்கான நாடுதழுவிய சால்மோனெல்லா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இறைச்சிக்கூடத்தில் அறுக்கப்படும் பன்றியிலிருந்து சிறு தசைத்துண்டு ஒன்றை எடுத்து உறைய வைப்பார்கள். அது உருகும்போது வடியும் இறைச்சிச் சாற்றில் சால்மோனெல்லாவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசியும் வேண்டாம், பண்ணைக்கு மருத்துவர் போகவும் வேண்டாம். அதன் முடிவை வைத்துப் பண்ணைகள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. மூன்றாம் நிலைப் பண்ணையின் பன்றிகளை மற்றவற்றோடு சேர்க்காமல், கூடுதல் சுகாதார ஏற்பாட்டோடு தனியே அறுத்தார்கள். சந்தேகத்துக்குரிய பண்ணைகளில் பாக்டீரியாவையே வளர்த்து வகைப்படுத்திச் சேமித்தார்கள். 1998இல் நோயாளிகளின் மாதிரி வந்தபோது, எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நாட்டின் பன்றிகளே பதிவாகியிருந்தன.

இந்த மாதிரித் தொகுப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை, மரபணு வகைப்படுத்தலைக் கைரேகையோடு ஒப்பிடும் பழக்கம் மறைத்துவிடுகிறது. கைரேகை ஒரு மனிதருக்கு ஒன்றுதான், பிறப்பிலிருந்து சாவு வரை மாறாது, இன்னொருவருக்கு வராது. பாக்டீரியாவோ சரியான சூட்டில் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பண்ணையிலிருந்து விற்ற குட்டிகளோடு அதே திரிபு பத்துப் பண்ணைகளுக்குப் போகும். அவற்றில் எதைச் சோதித்தாலும் நோயாளியோடு பொருந்தும். எனவே 'பொருந்துகிறது' என்ற சொல்லின் எடை, அந்த வரிசை வேறு எங்கெல்லாம் காணப்படுகிறது என்பதைச் சார்ந்தது. நாட்டின் பாதிப் பண்ணைகளில் இருக்கும் திரிபு ஒரு பண்ணையில் பொருந்தினால் அதற்கு மதிப்பே இல்லை. நூற்றுக்கணக்கான மாதிரிகளில் இரண்டு பண்ணைகளில் மட்டும் தென்படும் திரிபு பொருந்தினால் அது வலுவான சான்று. அரிதா பரவலா என்று சொல்லப் பொருந்தாத மாதிரிகள் வேண்டும். அவற்றை நோய் பரவிய பிறகு அவசரமாகச் சேகரிக்க முடியாது. 1998 விசாரணையில் நாலிடிக்சிக் அமில எதிர்ப்பு அவ்வளவு உதவியதும் இதனால்தான். டிடி104கள் எல்லாம் அண்மையில் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்பதால் அவற்றின் பட்டைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் கூட்டத்தில் அபூர்வமான ஓர் எதிர்ப்புப் பண்பு சேரும்போதுதான் சந்தேக வட்டம் சுருங்கியது.

டீனே ஹால்டும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட கணித மாதிரி இதே சிந்தனையை ஒரு நாடு முழுமைக்கும் விரித்தது. பன்றி, மாடு, கோழி, முட்டை, இறக்குமதி இறைச்சி ஒவ்வொன்றிலும் எந்தத் திரிபு எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு பக்கம் வைத்தார்கள். ஓராண்டில் மனிதர்களிடம் எந்தத் திரிபு எத்தனை முறை கண்டறியப்பட்டது என்பதை மறுபக்கம் வைத்தார்கள். ஒரே உணவில் மட்டும் கிடைக்கும் திரிபுகள் நங்கூரமாயின. பலவற்றில் கிடைப்பவற்றை அந்த நங்கூரங்களுக்கு ஏற்பப் பகிர்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட நோயாளி எதைச் சாப்பிட்டார் என்று தெரியாமலேயே, நாட்டின் சால்மோனெல்லா சுமையில் பன்றி இறைச்சியின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிட இது வழி செய்தது. எந்தத் துறைக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவெடுக்கும் அரசுக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு குறைவு.

இங்கே ஒரு கனமான மறுப்பு எழுகிறது. அலிசன் மாதர் குழுவினர் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஸ்காட்லாந்தை மையமாகக் கொண்டு 1990 முதல் 2011 வரை மனிதரிடமும் விலங்குகளிடமும் சேகரித்த 373 டிடி104 மாதிரிகளின் முழு மரபணுவையும் வரிசைப்படுத்தினார்கள். இரு பக்கத்துப் பாக்டீரியாக்களும் பெரும்பாலும் தத்தம் வட்டத்திலேயே தங்கியிருந்தன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது குறைவு என்று தெரிந்தது. அப்படியென்றால் பண்ணையைக் குற்றம் சாட்டும் இந்த வழிமுறையே தவறான இடத்தில் தேடுகிறதா? இந்த மறுப்பை ஒதுக்கித் தள்ளக் கூடாது. பண்ணையே எல்லாத் தொற்றுக்கும் ஊற்று என்ற எளிய கதையை அது உண்மையிலேயே உடைக்கிறது. இறக்குமதி உணவு, வெளிநாட்டுப் பயணம், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுதல் ஆகியவற்றுக்குக் கதவைத் திறக்கிறது. ஆனால் அந்த ஆய்வு பேசுவது இருபது ஆண்டுகளின் பொதுப்போக்கை. டென்மார்க் விசாரணை பேசியது ஒரு குறிப்பிட்ட பரவலை. தாவுதல் அரிது என்பதிலிருந்து இந்தத் தாவுதல் நடக்கவில்லை என்று வராது. அதோடு, உள்ளூர் விலங்குகள் முதன்மை மூலம் இல்லை என்று ஸ்காட்லாந்தில் சொல்ல முடிந்ததே, அங்கே விலங்குகளின் மாதிரிகள் இருபது ஆண்டுகளாகப் பத்திரமாக இருந்ததால்தான். பண்ணையை விடுவிப்பதற்கும் பண்ணையின் பாக்டீரியா கையில் இருக்க வேண்டும்.

பட்டை முறையின் போதாமை அதன் செய்முறையிலேயே தெரிகிறது. 20 இடங்களில் ஆறெழுத்து என்றால், 48 லட்சம் எழுத்துகளில் ஏறக்குறைய 120ஐத்தான் அது நேரடியாகக் கண்காணிக்கிறது. பெரிய துண்டு ஒன்று சேர்ந்தாலோ விடுபட்டாலோ பட்டை நகரும். மற்றபடி ஒற்றை எழுத்து மாற்றங்களில் அநேகமாக எல்லாமே அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். முழு மரபணு வரிசைப்படுத்தல் அந்த 48 லட்சத்தையும் ஏறத்தாழ முழுதாகப் படிக்கிறது. சால்மோனெல்லாவில் ஆண்டுக்கு ஓரிரு எழுத்துகள் என்ற அளவில் மாற்றம் சேர்கிறது. எனவே இரண்டு மாதிரிகளுக்கு இடையே எத்தனை எழுத்து வேறுபாடு என்று எண்ணினால், அவை பிரிந்து எவ்வளவு காலமாகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். 1996இல் பட்டைப் படங்களைப் பகிர்வதற்காகத் தொடங்கிய அமெரிக்காவின் பல்ஸ்நெட் வலையமைப்பு 2019இல் முழு மரபணுவுக்கு மாறியது. எத்தனை எழுத்து வரை ஒரே மூலம் என்று கொள்ளலாம் என்பதற்கு மட்டும் நிலையான எண் கிடையாது. ஓர் ஆலையின் வடிகாலில் பல ஆண்டுகள் தங்கிய திரிபு மெல்ல மெல்லப் பிரிந்திருக்கும். ஒரே வாரத்தில் ஒரே கலவையிலிருந்து பலருக்குப் போனது ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கலாம். எண்ணை எப்படிப் படிப்பது என்பது பாக்டீரியாவையும் சூழலையும் அறிந்தவரின் தீர்ப்புக்கு உரியது.

புதிய கருவியின் உண்மையான லாபம், உணவால் பரவும் இன்னொரு பாக்டீரியாவான லிஸ்டீரியாவில் தெரிகிறது. சால்மோனெல்லா சில நாளில் வெளிப்படும். லிஸ்டீரியா சிலரிடம் 70 நாள் வரை பதுங்கியிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் எந்தக் கடையில் எந்த இறைச்சித் துண்டு வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு, அதுவும் முதியவர்களும் நோயால் நலிந்தவர்களும் பதில் சொல்ல முடியாது. டென்மார்க் 2013இல் நோயாளிகளின் லிஸ்டீரியா மாதிரிகளை வழக்கமாக வரிசைப்படுத்தத் தொடங்கியது. 2014இல், நாடெங்கும் சிதறியிருந்த நோயாளிகளிடம் எஸ்டி224 என்ற ஒரே திரிபு இருப்பது அப்படித்தான் தெரிந்தது. உணவு மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, மசாலா சேர்த்துச் சுருட்டி அழுத்தி, மெல்லியதாகச் சீவி ரொட்டியின் மேல் வைத்துச் சாப்பிடும் ருல்லபோல்ஸ என்ற இறைச்சியிடம் வந்து நின்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 41 பேர்; இறந்தவர்கள் 17 பேர். வரிசைப்படுத்தல் இல்லாவிட்டால் அவர்கள் 41 தனித்தனி நோயாளிகளாகவே ஏட்டில் இருந்திருப்பார்கள்.

கருவி உயர்ந்திருந்தும் தொகுப்பு இல்லாததால் நேர்ந்ததைத் தென்னாப்பிரிக்காவில் பார்க்கலாம். 2017 ஜூலையில் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள், பிறந்த குழந்தைகளிடம் லிஸ்டீரியா தொற்று கூடுவதாக அந்நாட்டின் தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். அங்கே முழு மரபணு வரிசைப்படுத்தும் வசதியும் திறமையானவர்களும் இருந்தார்கள். வரிசைப்படுத்திய நோயாளி மாதிரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எஸ்டி6 என்ற ஒரே திரிபு. ஒரே மூலம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. எது என்பதுதான் தெரியவில்லை. லிஸ்டீரியா தொற்று அப்போது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில்கூட இல்லை. 2017 டிசம்பரில்தான் சேர்க்கப்பட்டது. பொருத்திப் பார்க்க உணவுப் பக்கத்தில் வரிசைப்படுத்திய தொகுப்பு இல்லை. மாதங்கள் ஓடின. 2018 ஜனவரி 12 அன்று சொவெட்டோவின் ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகக் கிரிஸ் ஹானி பாரக்வானத் மருத்துவமனைக்கு வந்தார்கள். உணவு வழித் தொற்று என்று சந்தேகித்த குழந்தை மருத்துவர் சொன்னதன்பேரில், சுகாதார ஆய்வாளர்கள் அன்றே காப்பகத்துக்குப் போய் அங்கிருந்த பொலோனியை எடுத்து வந்தார்கள். கோழி, பன்றி இறைச்சிகளை அரைத்துக் குழலில் அடைத்து வேகவைத்து, குளிர்ந்தபின் வெட்டி அப்படியே சாப்பிடும் மலிவான உணவு அது. ஒரு குழந்தையின் மலத்திலும் பொலோனியிலும் எஸ்டி6 இருப்பது ஜனவரி 27 அன்று உறுதியானது. அதைப் பின்தொடர்ந்து பொலொக்வானேயில் ஓர் ஆலைக்குப் போனார்கள். அதுதான் மூலம் என்று சுகாதார அமைச்சர் மார்ச் 4 அன்று அறிவித்தார். முடிவில் உறுதியான நோயாளிகள் 1,060 பேர். விளைவு தெரிந்தவர்களில் 216 பேர் இறந்திருந்தார்கள். நோயாளிகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள்.

இருபது ஆண்டு பழைய கருவியை வைத்து 25 நோயாளிகளில் மூலத்தை எட்டிய நாட்டையும், மிகப் புதிய கருவி கையிலிருந்தும் நூற்றுக்கணக்கான நோயாளிகள் வரை காத்திருக்க நேர்ந்த நாட்டையும் அருகருகே வைப்பது நியாயமா என்று கேட்கலாம். பாக்டீரியா வேறு, மக்கள்தொகை வேறு, வருமானம் வேறு. இந்த வேறுபாடுகள் மெய்தான்; லிஸ்டீரியாவின் நீண்ட பதுங்கல் மட்டுமே பல வாரங்களைத் தின்றிருக்கும். ஆனால் எந்த இடத்தில் விசாரணை நின்றது என்று பார்த்தால் ஒப்பீடு பொருந்தும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துவதில் தடுமாறவில்லை. அந்த வரிசையை எதனோடு ஒப்பிடுவது என்ற இடத்தில்தான் நின்றார்கள். சொவெட்டோ குழந்தைகள் வழியாகக் கிடைத்த பொலோனித் துண்டு, முன்கூட்டியே ஒரு வழக்கமான சோதனையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய மாதிரி.

அதே துண்டு இன்னொன்றையும் காட்டுகிறது. காப்பகத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பொலோனி இருந்தது. இரண்டிலுமே எஸ்டி6 கிடைத்தது. பொருத்தமே தீர்ப்பு என்று கொண்டால் இரண்டு நிறுவனங்களுமே குற்றவாளிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கத்தியோ கையோ குளிர்பெட்டித் தட்டோ பாக்டீரியாவைக் கொண்டுபோயிருக்கலாம் என்பதை மரபணு வரிசை சொல்லாது. முடிவு வந்தது ஆலைக்குள் இருந்து: பொலொக்வானே ஆலையின் சூழலில் எடுத்த மாதிரிகளில் குறைந்தது 16இல் அந்தத் திரிபு இருந்தது. உணவு விசாரணையும் தன் பங்கைச் செய்தது. நேர்காணலில் பேசிய 109 பேரில் 93 பேர் சமைக்காமல் உண்ணும் பதப்படுத்திய இறைச்சியைச் சாப்பிட்டிருந்தார்கள். ஆனால் அது எல்லோரும் சாப்பிடும் பண்டம். நோயில்லாதவர்களைக் கேட்டாலும் பலர் ஆம் என்றிருப்பார்கள். அதனால் ஆய்வாளர்கள், வேறு திரிபால் லிஸ்டீரியா தொற்றியவர்களை ஒப்பீட்டுக் குழுவாக எடுத்தார்கள். எஸ்டி6 தொற்றியவர்கள் பொலோனி சாப்பிட்டிருப்பதற்கான வாய்ப்பு விகிதம் மற்றவர்களைவிடச் சுமார் 8.5 மடங்கு. மரபணு வகைப்படுத்தல் இங்கே பாக்டீரியாவை அடையாளம் காட்டியதோடு நிற்காமல், யாரை யாரோடு ஒப்பிட வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. நோயாளியின் நினைவும் ஆலையின் வடிகாலும் எழுத்து வரிசையும் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் குற்றச்சாட்டு நிற்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, இறைச்சியை நன்றாக வேகவைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உட்பகுதிவரை சூடு ஏறினால் சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் சாகும் என்பது உண்மையே. ஆனால் பொலோனியும் ருல்லபோல்ஸவும் வீட்டில் மறுபடி வேகாதவை. ஆலையில் வெந்த பிறகு சீவும்போதும் பொதியும்போதும் மாசு சேர்ந்தால் அதற்கு மேல் தடை இல்லை. ஜெர்மனியில் அரைத்த பன்றி இறைச்சியைப் பச்சையாகவே ரொட்டியில் தடவிச் சாப்பிடும் வழக்கமும் உண்டு. வேகவைக்கும் வீட்டிலும் பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் தக்காளி வெட்டப்படுகிறது. பொறுப்பு முழுவதையும் கடைசியில் சமைப்பவர் தலையில் கட்டுவது, நடுவில் உள்ள ஒவ்வொருவரையும் விடுவித்துவிடும். கருவுற்ற பெண் ஒருத்தி தான் வாங்கிய பொலோனியில் என்ன இருந்தது என்று அறிந்திருக்க முடியாது. அறியக்கூடிய இடத்தில் இருந்தது ஆலை.

செலவு பற்றிய மறுப்புக்கு டென்மார்க்கின் கணக்கே பதில் தருகிறது. ஹென்ரிக் வேகனரும் சகாக்களும் 2003இல் வெளியிட்டபடி, 2001ஆம் ஆண்டில் பன்றி, கோழி, முட்டை மூன்றுக்குமான சால்மோனெல்லா கட்டுப்பாட்டுக்கு ஆன செலவு 1.41 கோடி டாலர். கட்டுப்பாட்டால் சமூகத்துக்கு மிச்சமானது 2.55 கோடி டாலர். கிலோ பன்றி இறைச்சிக்குக் கணக்கிட்டால் செலவு ஏழரை சென்ட். அதையும் ஏறக்குறைய முழுதாகத் தொழில்துறையே ஏற்றது. பெரிய இறைச்சிக்கூடங்கள் வழியே ஒழுங்காகப் போகும் தொழிலுக்கு இந்தக் கணக்கு பொருந்தும், சிதறிக் கிடக்கும் சிறு பண்ணைகளும் தெருச்சந்தைகளும் உள்ள நாடுகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே எல்லாப் பண்ணையையும் பிடிக்க முயல்வதைவிட, ஓரிடத்தில் பல பண்ணைகளின் இறைச்சி கூடும் புள்ளிகளான இறைச்சிக்கூடம், அரைவை ஆலை, சமைக்காமல் உண்ணும் பண்டங்களின் தயாரிப்பிடம் ஆகியவற்றில் மாதந்தோறும் சில மாதிரிகள் எடுத்துச் சேமிப்பது செய்யக்கூடியது. சேமிக்க உறைகுளிர்ப்பெட்டியும் ஒழுங்கான பதிவேடும் போதும். எல்லாவற்றையும் உடனே வரிசைப்படுத்தியாக வேண்டும் என்பதில்லை. ஒரு பரவல் வரும்போது பெட்டியைத் திறந்து வரிசைப்படுத்தலாம். பெட்டி காலியாக இருந்தால் அப்போது எந்தப் பணமும் அதை நிரப்பாது.

மிகக் கடினமான தடை தொழில்துறையின் அச்சம் என்று நினைக்கிறேன். தன் வடிகாலைத் தானே சோதித்து, கிடைத்த பாக்டீரியாவைத் தொகுப்பில் வைக்கும் ஆலை, நாளை தனக்கு எதிரான சான்றைத் தானே தயாரித்துக் கொடுக்கிறது; சோதிக்காத போட்டியாளர் தப்பிக்கிறார். இந்த அச்சம் நியாயமானது. அதைக் கண்டிப்பதால் பயனில்லை. சோதனையை எல்லோருக்கும் ஒரே அளவில் கட்டாயமாக்கினால்தான் சோதிப்பவருக்கு இழப்பு நீங்கும். டென்மார்க்கின் திட்டம் பண்ணைகள் அனைத்துக்கும் பொதுவாக இருந்ததால்தான் அது நிலைத்தது. நாடுகளுக்கு இடையிலும் இதே கணக்குதான். பன்றிக்குட்டிகளும் இறைச்சியும் எல்லை தாண்டிப் போகும் ஐரோப்பாவில், உணவுப் பாதுகாப்புக்கான ஆணையமும் நோய்த்தடுப்புக்கான மையமும் தத்தம் மரபணுத் தரவுத்தளங்களை 2022இல் ஒன்றோடொன்று பேசவைத்தன. சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை மூன்றுக்கும் ஒரு நாட்டு நோயாளியின் வரிசையை இன்னொரு நாட்டு உணவின் வரிசையோடு அங்கே ஒப்பிடலாம். அந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் உதவும் என்பது, ஒவ்வொரு நாடும் நோயாளிப் பக்கத்துக்கு இணையாக உணவுப் பக்கத்து வரிசைகளையும் எவ்வளவு ஒழுங்காகப் பதிகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.